இஸ்திரிக்காரம்மாவின் முறை

இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறாள். போதவில்லை. திரும்ப வைக்கிறாள். சூட்டைக் காட்டப் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கத்தான் இருக்கிறது. அது எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று அவள் பார்த்து மூன்று வருஷமாகிறது. "விளக்கு கெட்டுப்போகும், கன்னம் கெட்டுப்போகாது" என்பாள்.

அந்தச் சலவைக்கடையில் இருபத்தாறு வருஷம். நின்றபடியே வேலை, நின்றபடியே சாப்பாடு, நின்றபடியே சண்டை. முகமெல்லாம் சுருக்கம் விழுந்துவிட்டதே என்று யாராவது கேட்டால், "சட்டையில எடுக்கிறதை எங்கயாவது வைக்கணுமே" என்று சிரிப்பாள். துணியின் மடிப்பை இப்போது விரலால்தான் தேடுகிறாள். விரல் நுனியெல்லாம் சூட்டுத் தழும்பு.

வினை ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் வந்தது. "மஞ்சக் கறை போகவே இல்ல" என்று மூன்று முறை அதைத் துவைக்கத் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது துவையலில் கழுத்துப்பட்டை நைந்துவிட்டது. முதலாளி சட்டையை வாசல் வெளிச்சத்தில் விரித்தார்.

"எங்கம்மா கறை? பால் மாதிரி இருக்கு. கறை உங்க கண்ணுல, புரை விழுந்திருக்கு. இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க, இல்லேன்னா நான் வேற ஆளு பாக்கணும்."

வீட்டில் சொன்னாள். கணவர் நல்ல மனுஷர்தான். தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடிக்க மாட்டார், அவ்வளவுதான். பேப்பர் எழுத்து மங்குகிறது என்று அவர் முனகிய வாரமே மகன் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். ஆறே மாதத்தில் அடுத்த கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது. இவளுக்கு மட்டும் மழை முடியட்டும், பேரனுக்குப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

"உனக்கென்னம்மா அவசரம்? பேப்பரா படிக்கப் போறே?" என்றான் மகன்.

"ஏண்டா, பேப்பர் படிக்கிற கண்ணுக்கு வெண்ணெய், வேலை பாக்குற கண்ணுக்குச் சுண்ணாம்பா?"

"அடுப்பை யாரு பாக்குறது?" என்றார் கணவர்.

"ரெண்டு கண்ணும் புதுசா வச்சிருக்கிறவரு பாக்கட்டும்."

மறுநாள் யாரையும் கேட்காமல் கிளம்பினாள். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். பாதி கோபம், பாதி பயம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவரின் கையைப் பிடித்து நோயாளிகள் பெஞ்சில் உட்காரவைத்தாள். "கூட வந்தவங்க சுவரோரமா நில்லுங்கம்மா."

"நான் யார் கூடவும் வரலைம்மா. இவருதான் என் கூட வந்திருக்காரு. என் பேரை எழுதுங்க."

நர்ஸ் அசடு வழியப் படிவத்தை எடுத்தாள். "வீட்டுக்காரர் ஒரு கையெழுத்து..."

"கண்ணு என்னுது. கையும் என்னுது. எந்த இடம்னு விரலை வச்சுக் காட்டுங்க, நானே போடறேன்."

போட்டாள். கோடு தாண்டித்தான் விழுந்தது. ஆனால் அழுத்தமாக விழுந்தது. கணவர் எழுந்து சுவரோரம் போனார்.

பெஞ்சில் ஆறு ஆண்கள். சுவரோரம் வரிசையாகப் பெண்கள். கையில் ஆண்களின் ஃபைல், ஆண்களின் கண்ணாடி. அவர்களில் எட்டித் தொடும் தூரத்தில் ஒருத்தி, விளக்கு வெளிச்சம் கூசி, கையிலிருந்த ஃபைலாலேயே கண்ணை மறைத்துக்கொண்டு நின்றாள். கணவரின் இரண்டு ஆபரேஷனுக்கும் இவளும் இதே சுவரோரம் இப்படித்தான் நின்றிருக்கிறாள்.

பெஞ்சில் உட்கார்ந்து, இடுப்பால் ஓர் இடி இடித்தாள். ஆறு ஆண்களும் நகர்ந்தார்கள். பக்கத்தில் கிடைத்த இடத்தை, அந்தப் பெண்ணைப் பார்த்து, உள்ளங்கையால் பட் பட்டென்று தட்டினாள்.