சத்தமாகச் சொல்ல வேண்டிய முத்தம்

காதல் கதை எழுதுகிறவளுக்கு வெட்கமே இருக்காது என்று நினைக்கிறார்கள். எனக்கு மூட்டை மூட்டையாக இருக்கிறது. விரலால் எழுதியவரைக்கும் அது எனக்கே தெரியவில்லை. வாயால் எழுத வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது.

நான் போனில் தொடர்கதை எழுதுகிறவள். ஒரு செயலியில் வாராவாரம் அத்தியாயம் போடுவேன், பெண்கள் படிப்பார்கள், அதில் ஏதோ காசு வரும். திருச்செங்கோட்டில் இருந்தபோது ஆரம்பித்த பழக்கம். வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அந்த வெறும் சாயங்காலங்களை வேறு எப்படித்தான் தள்ளுவது? நான் எழுதுவது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வரி படித்ததில்லை. "நீ எழுது சாமி, எனக்கென்ன தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

போன வருஷம் ரிக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடம் ஃபேர்லேண்ட்ஸில் என்பதால், அதற்குப் பக்கமாக மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வந்துவிட்டோம். மலை ஏறப் போகிற வண்டிகள் கியர் மாற்றும் சத்தம் நாள் முழுக்க ஜன்னலில் கேட்கும். அவர் அதைக் கேட்டபடி கட்டிலில் கிடப்பார்.

அன்றிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் அவர் வாயிலிருந்து ஒரு சொல். தண்ணி என்றாலும் சரி, சனியனே என்றாலும் சரி. டம்ளரைக் காட்டுவேன், சீப்பைக் காட்டுவேன், என் மூஞ்சியையே காட்டுவேன். உதடு கொஞ்சம் கோணும், அவ்வளவுதான். பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இவருக்கு நாம் பேசுவது புரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். எவ்வளவு புரிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, நீங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டே இருங்கள் என்பாள்.

பேசினேன். ஆனால் என்ன பேசினேன் என்பதுதான் கூத்து.

அவரைத் தூக்கி உட்கார வைத்தே என் மணிக்கட்டு போய்விட்டது. போனில் எழுத்து தட்ட முடியவில்லை. கதையை நிறுத்தவும் முடியாது, இப்போது வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான்தான். அதனால் மைக்கை அழுத்திவிட்டு வாயால் சொல்ல ஆரம்பித்தேன், போன் அதுவாகவே எழுதிக்கொள்ளும். அது படித்த போன், நம் பேச்சு அதற்கு ஆகாது. கதாநாயகி "ஊட்டுக்கு வாரேன்" என்றால் "ஊட்டிக்கு வாரேன்" என்று எழுதும். பாவம், அவளைக் காரணமே இல்லாமல் பல தடவை ஊட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் திருத்தமாகச் சொல்லப் பழகினேன். சத்தம் குறைந்தாலும் அதற்குக் காது கேட்காது.

கோபம், அழுகை, மாமியார் சண்டை எல்லாம் சத்தமாகச் சொல்லிவிடலாம். முத்தத்தை என்ன செய்வது? அந்தச் சொல்லை நான் கதையில் கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன். கட்டிய நாளிலிருந்து அவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் அதெல்லாம் நடக்கும், யாரும் பேர் சொல்ல மாட்டார்கள். அடுக்களைக்குள் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் கட்டிலிலிருந்து சரிந்து கீழே விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை விட்டு நகர்வதில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவன் அவள் கழுத்தில் முத்தமிட்டான், முற்றுப்புள்ளி" என்று கத்துவேன். முகமெல்லாம் எரியும். மற்ற எல்லாம் அவருக்குப் புரிய வேண்டும், இது மட்டும் புரியக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமிதான் கேட்கும்?

இந்த மாதிரி இடங்களை எழுதுவது லேசு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பின் பாகங்களைத் தமிழில் சொல்லப் போனால் ஒன்று செய்யுள் மாதிரி இருக்கும், இல்லை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், இரண்டும் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு சுவர்தான். அதனால் நான் சுற்றி வளைத்துத்தான் போவேன். விளக்கை அணைப்பேன், ஜன்னலை மூடுவேன், கதாநாயகி "வேணாங்க" என்பாள். என் கதாநாயகிகள் எல்லோரும் எங்கள் ஊர்க்காரிகள். புருஷனிடம் அந்த 'ங்க' இல்லாமல் அவர்களுக்கு ஒரு சொல் வராது. அந்த நேரத்தில்கூட மரியாதையா என்று சென்னைப் பக்கத்து வாசகிகள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அந்த 'ங்க'வுக்குள் எவ்வளவு கொஞ்சல் இருக்கிறது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்.

ஆனால் ஒரே விளக்கை எத்தனை தடவை அணைப்பது? செயலியிலிருந்து பேசுகிற பெண், சலிப்பாக இருக்கிறது அக்கா, உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து ஏதாவது எடுங்கள் என்றாள். சொந்த அனுபவம் என்று என்னிடம் எடுத்துக் கொடுக்க ஒன்றுதான் இருந்தது.

ரிக்கிலிருந்து வருகிறவர் நேராகக் கொல்லைக்குத்தான் போவார். தலை, புருவம், காது மடல் எல்லாம் கல்மாவு அப்பியிருக்கும். துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வார். நான் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு, காது மடலைச் சுற்றி அந்த மாவை எடுப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்திருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டோம். அத்தனை மாதத்துப் பிரிவும் அங்கேதான் தீரும். அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

அதைத்தான் சொன்னேன். கதாநாயகனைக் கல்குவாரிக்காரன் ஆக்கிவிட்டு, கொல்லை, கல், எண்ணெய், காது, முழங்கை எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். போனை அவர் தலையணையோரம் வைத்துவிட்டு, அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் குக்கர் விசில் அடித்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். நன்றாக வந்த சந்தோஷத்தில் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு இட்லி ஊட்டிவிட்டு வாசகிகள் எழுதியதைப் பார்த்தேன். ஒரே இதயப் படங்கள். அந்த 'வேண்டா' என்ற ஒற்றைச் சொல்லில் செத்துவிட்டேன் அக்கா என்று ஒருத்தி. அந்த இடத்தில் வேண்டா என்று சொல்லவைக்க உங்களால்தான் முடியும் என்று இன்னொருத்தி.

நான் அப்படி ஒன்றும் எழுதவில்லையே என்று அத்தியாயத்தைத் திறந்தேன். அவள் விரல் அவன் காது மடலைத் தொடுகிறது. அடுத்து, தனியாக, வேண்டா. அதற்கடுத்து அவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

முதலில் போனைத்தான் திட்டினேன். ஊட்டிக்கு அனுப்புகிற போன்தானே. ஆனால் 'ங்க' எங்கே? என் கதாநாயகி அப்படிச் சொல்ல மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் 'ங்க' போடாமல் வேண்டா என்று சொல்கிறவர் ஒரே ஆள். இன்னொரு தோசை வைக்கட்டுமா என்றால், வேண்டா. மழை வருகிறது, நாளைக்குப் போங்களேன் என்றால், வேண்டா. குக்கர் விசிலுக்கு நான் எழுந்து ஓடியது அந்த இடத்தில்தான், மைக்கை அணைக்காத போன் அவர் வாயருகில் கிடந்தது.

பேசிவிட்டார் என்ற சந்தோஷம் வந்து முடிவதற்குள், என்ன பேசினார் என்பது வந்துவிட்டது. கேட்டிருக்கிறார். புரிந்திருக்கிறது. இன்றைக்கு மட்டுமா, இத்தனை மாதமும் நான் சுவரைப் பார்த்துக் கத்தியது அத்தனையும் புரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடந்தவர், நம்முடைய அந்த ஒன்றை மட்டும் கொடுக்காதே என்று எங்கிருந்தோ பலத்தைத் திரட்டிச் சொல்லியிருக்கிறார். அதையும் நான் விற்றுவிட்டேன்.

கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். "ஏனுங்க, நீங்களா சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன். என்னையே பார்த்தார். கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது. உதடு கோணியது, சத்தம் வரவில்லை. அவர் பார்க்கும்படி போனைப் பிடித்து அந்த அத்தியாயத்தை அழித்தேன். "எடுத்துப்போட்டனுங்க, இனி யாரும் படிக்க மாட்டாங்க" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செயலிக்காரப் பெண் கூப்பிட்டபோது, அந்த இடம் வராது, விளக்கை அணைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கதையை இப்போது ஒற்றை விரலால் தட்டுகிறேன். மணிக்கட்டு வீங்கினால் வீங்கட்டும். அவர் காதில் ஒரு வரி விழுவதில்லை.

அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. பயிற்சிப் பெண் அந்த ஒரு சொல் வந்ததே நல்ல அறிகுறி என்கிறாள். சாயங்காலமானால் மைக்கை அழுத்திப் போனை அவர் தலையணையோரம் வைக்கிறேன். நான் வாயைத் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் அது தானாக அணைந்துவிடுகிறது. மறுபடியும் அழுத்தி வைக்கிறேன்.