பத்து வார்த்தைகளில் மூன்று

போன வருடம் ஜூலை மாதம், மயிலாப்பூர் லஸ் முனையில் நடந்தது இது. நடந்தபோது நான் அங்கே இல்லை. பிரச்சினையே அதுதான்.

என் மனைவி பக்கத்திலிருந்த கண் மருத்துவமனைக்குத் தனியாகப் போயிருந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதிப்பார்கள், கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருக்கும், நாலு மணிக்கு வந்து அழைத்துப் போகவேண்டும் என்று காலையில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு ஞாபகமே இல்லை. நாலு மணிக்கு நான் அபிராமபுரத்தில் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டக் குறிப்பில் இருந்த பதினோரு நடைமுறைப் பிழைகளைச் சுட்டிக்காட்டிச் செயலாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாலே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். லஸ் முனையில் பூ விற்கும் பெண்மணி.

"சார், உன் சம்சாரம் இங்க எங்கிட்ட குந்திக்கினு கீது. கண்ணு தெரியாம ரோட்டத் தாண்டப் போச்சு. பஸ்ஸுகாரன் போட்ட பிரேக்குல எனக்கே நெஞ்சு நின்னுபோச்சு. நீ அங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

பதினோரு பிழைகளைப் பற்றி அவரிடம் சொல்ல முடியவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். என் மனைவி ஒரு கவிழ்த்த பெட்டியின்மேல், முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூக்காரப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வந்துட்டாரும்மா உன் ஆபீசரு" என்றார். நான் சொன்ன நன்றியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில், நியாயம் என் பக்கம் இருப்பதாகவே நினைத்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் சரின்னேள்" என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பயந்துபோயிருந்தாள். காரணம் எனக்கும் தெரியும். என் அண்ணனுக்கு மறதி இப்படித்தான் ஆரம்பித்தது. அவரும் என்னைப் போல ஓய்வுபெற்ற அரசு அலுவலர்தான். கடைசியில் சொந்த மகளைப் பார்த்து, "நீங்க எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். அன்று முதல் நாங்கள் இருவரும் அந்த நோயின் பெயரைச் சொல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தோம். பால் வாங்கினேனா, மின்விசிறியை நிறுத்தினேனா என்று ஒவ்வொன்றையும் அவள் ஓரக்கண்ணால் கவனிப்பது எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து அடையாறில் ஒரு மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவுக்குப் போனோம். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் உளவியலாளர். ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்தார். "இணைப்பு 1 காண்க" என்று குறிப்பிட்டிருந்தார்கள், இணைப்பே இல்லை. மூன்றாவது பத்தி இரண்டாவதற்கு நேர்மாறாக இருந்தது. பேனாவை எடுத்தேன்.

"பத்து வார்த்தை சொல்றேன் சார். கேட்டுட்டு, ஞாபகம் இருக்கறதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

"சரி" என்றேன். அவர் சொல்லச் சொல்ல, ஓரத்தில் "இணைப்பு காணப்படவில்லை" என்று குறித்து, நேர்மாறான வரிகளின் கீழே கோடு போட்டேன். அவர் நிறுத்தினார். நான் வாயைத் திறந்தேன். மூன்று வார்த்தைகள் வந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. வெள்ளைத்தாள்.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் இருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு அண்ணனின் முகம்தான் தெரிந்தது.

அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம், "வீட்ல எப்படிம்மா? எல்லாத்தையும் மறக்கறாரா?" என்று கேட்டார்.

"எங்கேம்மா! இருபது வருஷத்து அரசாணையெல்லாம் நம்பரோட சொல்வார். படிச்சது ஒண்ணு மறக்காது. நான் வாயால சொல்றதுதான் நிக்கறதில்லை. கடிதமா எழுதிக் குடுத்தா நின்னாலும் நிக்கும்."

"சரின்னு சொல்வாரா?"

"அதை மட்டும் தவறாம சொல்வார்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தைந்து வருடம் என் மேசை முன்னால் வந்து நின்று பேசியவர்களிடம் எல்லாம் நான் சொன்னது இதுதான்: "சரி, எழுத்துல கொடுங்க." வாய்மொழிக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கோப்பில் கையெழுத்துப் போடுவேன். அதைத் திறமை என்று நினைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெண் எழுந்து வந்து, படிவத்தையும் பேனாவையும் என் கையிலிருந்து வாங்கி மேசையின் மறுபக்கம் வைத்தார். எந்த மேலதிகாரியும் எனக்குச் செய்யாத காரியம்.

"இப்ப வேற பத்து வார்த்தை. என் முகத்தைப் பாருங்க சார். வேற வேலை எதுவும் வேணாம்."

பார்த்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் வந்து உட்காருவது எனக்கே தெரிந்தது. எட்டு வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னேன். படம் வரைவது, எண்களைக் கழிப்பது என்று அரைமணி நேரம் வேறு வேலைகள் கொடுத்துவிட்டுத் திடீரென்று மறுபடி கேட்டார். ஏழு நின்றிருந்தது.

"ஒரு சோதனையை வச்சு முடிவா சொல்ல மாட்டேன். ரத்தம், காது எல்லாம் டாக்டர் பார்க்கணும்" என்று முதலிலேயே சொன்னார். நடைமுறை தெரிந்தவர். "ஆனா இப்போதைக்கு எனக்குத் தெரியறது இதுதான். காதுல விழற வார்த்தை மூளை வரைக்கும் போயிடும் சார். கவனம் அங்க இருந்தாத்தான் அது தங்கும். முதல் தடவை நீங்க மறக்கல. உள்ளயே எடுத்துக்கல."

எனக்கு உடனே விளங்கியது. அலுவலகத்தில் வந்த தபாலைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டுவிட்டு, பிறகு ஆவணக் காப்பறை முழுக்கத் தேடிக் காணோம் என்று கத்தினால், அது காப்பறையின் குற்றமா? அந்த மாதிரி எழுத்தர்களுக்கு எத்தனை விளக்கக் கடிதம் கேட்டு அனுப்பியிருக்கிறேன்!

அடுத்த வாரம் மற்ற பரிசோதனைகளும் முடிந்தன. வயதுக்கு மீறிய குறை ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். மனைவி அறையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே ஆட்டோவில் ஏறியபிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் என் மூளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

"உன் கண்ணைப் பார்த்த டாக்டர் அன்னிக்கு என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அதையும் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள். இடது கண்ணில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல். சீக்கிரமே தெரிந்துவிட்டதால் பயமில்லை. காலையில் ஒரு சொட்டு, இரவில் ஒரு சொட்டு, ஒருநாளும் விடக்கூடாது. அன்றைக்கு மறுநாளிலிருந்தே கண்ணாடி முன்னால் நின்று தானாகவே விட்டுக்கொண்டிருக்கிறாள். பாதி கன்னத்தில்தான் விழுகிறதாம். மந்தைவெளி வரும்வரை பேசினாள். நான் ஒருமுறைகூட "சரி" சொல்லவில்லை.

இப்போது அந்தச் சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை, ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ஒருநாள் எனக்கும் மறதி வரலாம், அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் பக்கத்தில் இருப்பவள் பேசும்போது பேனாவை மூடி வைக்க எழுபது வயதிலும் கற்றுக்கொள்ள முடிகிறது என்பதே எனக்கு இன்றுவரை பெரிய ஆறுதல்.