இரண்டு நாற்காலிக்காரர்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறார் என்று சொல்லி முடித்துவிடுவேன். பொய் இல்லை. என்ன அடிக்கிறார் என்று அடுத்து கேட்டால்தான் வம்பு.

காலையில் ஆளுங்கட்சிக்கு அடிப்பார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து எதிர்க்கட்சிக்கு அடிப்பார். இரண்டு கட்சிக்கும் பிரச்சாரம் பார்ப்பது ஒரே கம்பெனி. இது கட்சிக்காரர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரிந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றார். கம்பெனி அவருக்கு இணையத்தில் இரண்டு கணக்கு, இரண்டு வேஷம் கொடுத்திருந்தது. காலையில் அவர் 'ஓய்வுபெற்ற வாத்தியார்'. நிதானமாக, பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல அரசாங்கத்தின் அருமை பெருமைகளை எழுதுவார். மத்தியானத்துக்கு மேல் 'கொதிக்கும் குடிமகன்'. வாத்தியார் காலையில் எழுதியதை எடுத்துவைத்துக் கிழித்துத் தொங்கவிடுவார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற பிழைப்பு.

வேஷம் கலந்துவிடக் கூடாதே என்று அவர் ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோர நாற்காலி வாத்தியாருடையது. சுவரோர நாற்காலி குடிமகனுடையது. சுவரோரம் உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது கேட்டால் எரிந்து விழுவார். அதனால் வீட்டில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் நான் காலையிலேயே கேட்டுவிடுவேன்.

நான் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்துகிறவள் நான். நரம்பு அகப்படாதவர்களிடம் வாங்கிய திட்டோடு வீட்டுக்கு வந்து, டிவியைப் போட்டால் எட்டுக் கட்டத்தில் எட்டுப் பேர் கத்துகிறார்கள். அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். நாட்டை யார் ஆண்டால் என்ன, எனக்குக் கால் வலி போனால் போதும்.

ஆனால் வினை என் பிறந்த வீட்டில் முளைத்தது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அங்கே அப்பாவும் தம்பியும் மட்டும்தான். அப்பா ஆளுங்கட்சி, தம்பி எதிர்க்கட்சி. அவர்கள் தெருமுனையில் ஒரு மேம்பாலம் பாதியில் நிற்கிறது. போன ஆட்சி ஆரம்பித்தது, இந்த ஆட்சி நிறுத்தியது. ஆளுக்கொரு தடவை ரிப்பன் வெட்டியாயிற்று. இதுவரை அதனால் பயனடைந்தவை புறாக்கள்தான். அந்தப் பாலத்தைப் பற்றி வாத்தியார் எழுதியதை அப்பா தம்பியிடம் காட்ட, குடிமகன் எழுதியதைத் தம்பி அப்பாவிடம் காட்ட, வாய்ப்பேச்சு முற்றி, ஒருநாள் பேச்சே நின்றுபோனது. அதன் பிறகு பக்கத்து அறையில் இருக்கும் மகனிடம் சொல்ல வேண்டியதை அப்பா எனக்கு ஃபோன் போட்டுச் சொல்வார். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல் அவனை என்பார். நான் வேலைக்கு நடுவே கையுறையைக் கழற்றிவிட்டுத் தம்பிக்கு ஃபோன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்வேன்.

இந்தக் கூத்து இப்படியே போயிருந்தாலும் போயிருக்கும். அப்பாவின் கண்ணில் புரை முற்றிவிட்டது. அவருக்கு இருப்பதே ஒரு கண். இன்னொன்று சின்ன வயதில் அடிபட்டுப் போய்விட்டது. இனியும் தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும், ஆபரேஷன் முடிந்தபின் வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட வீட்டில் ஆள் வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். மாப்பிள்ளை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார். அப்படியானால் தம்பி விடட்டுமே என்றேன்.

"அந்தப் பாலத்துக்காரன் கையால மருந்து விட்டுக்கறதுக்கு நான் குருடாவே போறேன்."

தம்பியைக் கேட்டால், அவர் வாயால் கேட்கட்டும், விடுகிறேன் என்கிறான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தான். நேராக வீட்டுக்கு வந்தேன். இவர் சுவரோரம் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தார்.

"உங்க ரெண்டு நாற்காலியும் சேந்து எங்கப்பா கண்ணப் புடுங்கப் போகுது. நல்லா இருங்க," என்றேன்.

அவர் எரிந்து விழவில்லை. லேப்டாப்பை மூடினார். இரண்டு பேரும் சமாதானமாகப் போவதுபோல ஒரு வரி எழுதித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன். கம்பெனி விடாதாம். சமாதானத்தை எவன் படிப்பான், சண்டையைத்தான் படிப்பார்கள் என்றார். அப்புறம் எழுந்து, இரண்டு நாற்காலியிலும் உட்காராமல், சமையலறை வாசலில் வெகுநேரம் நின்றார். "வா, போய் உண்மையச் சொல்லிடலாம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அப்பா, தம்பி இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து, வாத்தியாரும் நான்தான், குடிமகனும் நான்தான் என்று சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானத்தில் சுருங்கிப்போயிருந்தது. லேப்டாப்பைத் திறந்து இரண்டு கணக்கையும் காட்டினார். அப்பா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மாப்பிள்ள, வாத்தியார் எவ்ளோ படிச்ச மனுஷன். உங்களுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை எழுத வருமா?"

தம்பி சிரிக்கவில்லை. திரையைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் சிவந்தது. அப்புறம், ஒரு வருஷத்துக்கு மேலாக அவன் வாயில் வராத சொல் வந்தது.

"அப்பா, இவரு ஹேக் பண்ணியிருக்காரு."

"அப்டின்னா?"

"அடுத்தவங்க கணக்கத் திருடறது. ரெண்டு பேரோடதையும் திருடியிருக்காரு."

"அடப்பாவி," என்றார் அப்பா. தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். "நீ வா. என்ன பண்ணணுமோ பண்ணு."

அப்பனும் மகனும் ஒரே சோபாவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் மேல் கட்சிக்கு ஒன்றாக இரண்டு புகார் எழுதி அனுப்பினார்கள். வார்த்தை வார்த்தையாக அப்பா சொல்ல, தம்பி அடித்தான். நாங்கள் இருவரும் கையும் களவுமாகப் பிடிபட்ட திருடர்கள்போல நின்றோம். இறங்கி வரும்போது படிக்கட்டில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

புகார் சுற்றிச் சுற்றிக் கம்பெனிக்குப் போனது. வெளியே சொன்னதற்காக இவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் எழுத மெஷின் வந்துவிட்டதாம். அதற்கு நாற்காலியே வேண்டாம்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பிதான் மருந்து விட்டான். ஒரு சொட்டு கன்னத்தில் வழியாமல் விடுகிறான் என்று அப்பா என்னிடம் பெருமை பேசினார். கூடவே, உன் புருஷனுக்குச் சகவாசம் சரியில்லை, கவனி என்று புத்தியும் சொன்னார். சரிப்பா என்றேன். வேறென்ன சொல்ல?

இவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். எங்கு போனாலும் இதற்கு முன் என்ன எழுதினீர்கள் என்று கேட்கிறார்கள். எதைக் காட்டுவார்? ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் மத்தியானத்திலும் எரிந்து விழுவதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அப்பா பேசினார். நான் துணி மடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். இப்போது தானே ஃபோனில் படிப்பதாகச் சொன்னார். எழுத்து பளிச்சென்று தெரிகிறதாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா நம்ம வாத்தியார் எழுத்து முன்ன மாதிரி இல்லம்மா. வார்த்தையெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆள் இல்ல. உடம்புக்கு முடியலையோ என்னவோ. பாத்துக்க யாராவது இருக்காங்களோ இல்லையோ, பாவம்."

துணியைப் போட்டுவிட்டு ஃபோனைக் கையில் எடுத்தேன். இவர் எழுந்து வந்து என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார்.

"நல்லா இருக்காரு மாமா. பாத்துக்க ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் அப்பா ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

"அவரப் பாத்தா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க மாப்பிள்ள," என்றார் அப்பா.