நடு அறைக் கூரையில் எத்தனை கம்பி?

போன வருடம் ஆடி மாதம், பட்டாபிராமில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்க முயன்றபோது நடந்தது இது. ஆடியில் யாராவது வீட்டு வேலை தொடங்குவார்களா என்று கேட்பீர்கள். வேலை தொடங்கவில்லை, வீடு தாங்குமா என்று கணக்குப் பார்க்கத்தான் தொடங்கினோம்.

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் சரிபார்ப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டியில் எத்தனை போல்ட், எத்தனை வாஷர் என்று எண்ணியே காலம் போனது. வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. மாத்திரை, பால் பாக்கெட், துணி காயப்போடும் கிளிப் எல்லாவற்றையும் எண்ணுவேன். எண்ணாமல் விட்டால் ஏதாவது குறைந்துவிடும் என்று ஒரு பயம். குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே இந்த வீட்டைக் கட்டியபோதும் அப்படித்தான். செங்கல் முதல் கம்பி வரை நான் எண்ணாதது எதுவும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மாடிப் பேச்சு எழுவதற்கு முந்தின வருடம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். எங்கள் ஒரே மகள் ஐயப்பன்தாங்கலில் வாடகை வீட்டில் இருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்து அம்மாவைக் கவனித்துவிட்டுப் போவாள். ஒரு கட்டத்தில் அவளால் முடியவில்லை. மாடி கட்டிவிடலாம், புருஷன் குழந்தையோடு இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மனைவி மட்டும் வேண்டாம் என்றாள்.

காரணம் கேட்டால் ஒரு நாள் தூசி என்பாள், மறுநாள் தண்ணீர் போதாது என்பாள். மகள் அழுத்திக் கேட்டபோது, “என் தலைக்கு மேல ஒரு குடித்தனம் நடக்கும். நான் கீழ உக்காந்துகினு, நாற்காலி இழுக்குற சத்தத்தை வெச்சு பாப்பா எந்திரிச்சிட்டாளா, சாப்ட்டாளான்னு கண்டுபிடிக்கணுமா?” என்றாள். நடக்க முடியாதவளின் வருத்தம் என்று எங்களுக்குத் தோன்றியது. அதற்குமேல் மகளால் பேச முடியவில்லை.

பொறியாளரைக் கூட்டிவந்து காட்டினால் மனம் மாறலாம் என்று மகள் நினைத்தாள். அம்பத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் கட்டட வடிவமைப்பு செய்யும் பெண், மகளுக்குத் தெரிந்தவள். முப்பது வயது இருக்கும். கையில் டேப் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவி. அதிலிருந்து சிவப்புப் புள்ளி சுவரில் விழும், அளவு தானாகவே கணினிக்குப் போகும். நான் போட்ட காபி ஆறுவதற்குள் எங்கள் வீடு திரையில் நின்றது. விரலால் திருப்பினாள், அது திரும்பியது. கூரையைக் கழற்றி வைத்தாள். மேலே இன்னொரு தளத்தைத் தூக்கி உட்கார வைத்தாள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றவே மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு என் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் உடனே கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு பொம்பளை உருவத்தை உட்கார வைத்தாள். “இந்தாங்க ஆன்ட்டி, இது நீங்க.”

“இவ்ளோ ஒல்லியாவா இருக்கேன்?”

“கம்ப்யூட்டர்ல எல்லாருமே ஒல்லிதான் ஆன்ட்டி.”

மனைவி சிரித்தாள். பிறகு, மேலே பேத்தி இருந்தால் இந்த நாற்காலியிலிருந்து தெரியுமா என்று கேட்டாள். தளம் மறைக்கும், ஆனால் தளத்தில் ஓரிடத்தைத் திறந்துவிட்டு மேலே சுற்றிக் கைப்பிடி போட்டால் தெரியும் என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பெண் கூடத்துக்கு மேலே ஒரு சதுரத்தை வெட்டினாள். திரையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளின் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டினாள். மேல்தளக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு குழந்தை உருவம் எட்டிப் பார்த்தது. என் மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நின்றுகொண்டிருக்கும் கூரையில் ஓட்டை போடுவதா? அந்தப் பெண்ணும் அதையேதான் சோதித்துக்கொண்டிருந்தாள். பாரத்தை ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால், தாங்குகிற இடம் பச்சையாகவும் தாங்காத இடம் சிவப்பாகவும் மாறும். சதுரத்தைச் சுற்றிச் சிவந்தது. தள்ளி வைத்தாள், மறுபடியும் சிவந்தது. ஐந்து முறை நகர்த்தினாள், நான் எண்ணினேன். ஒவ்வொரு முறையும் மொத்த வீட்டையும் அது புதிதாகக் கணக்குப் போட்டது. ஒரு முறைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிவாகச் சொல்ல வேண்டுமானால் கூரைக்குள் கம்பி எப்படிப் போட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அரை அடிக்கு ஒரு கம்பி, நானே நின்று எண்ணியது, எழுதிக்கொள் என்றேன்.

“போட்டுக்கறேன் அங்கிள். ஆனா இந்த சாஃப்ட்வேர் நாம சொல்றதைத்தான் நம்பும். அதனால ஒரு தடவை கூரையையே கேட்டுடலாமே.”

என் மனைவி வாக்கரைப் பிடித்து எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டி போல ஒரு கருவியோடு வந்தாள். அதைக் கூரையில் வைத்து நகர்த்தினால், உள்ளே கம்பி இருக்கும் இடத்தில் ஒலி எழுப்பும். அவள் ஏணியில் ஏறி, ஒலி வரும் இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனாள். கூடத்தில் அரை அடிக்கு ஒரு கோடு. படுக்கை அறையிலும் அப்படியே. நான் கீழே நின்று எண்ணிக்கொண்டே போனேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பார்த்தாயா என்று மனைவியைப் பார்த்தால், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடு அறை. கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில் இருக்கும் சின்ன இடம் அது. கருவி ஒருமுறை ஒலித்தது. அப்புறம் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒலியே இல்லை. ஓர் அடியும் தாண்டித்தான் அடுத்த கம்பி வந்தது. அறை முழுக்க அப்படித்தான். கூடத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை.

வீடு கட்டிய மேஸ்திரி இப்போது உயிரோடு இல்லை. அது தெரிந்தும், திருடன், துரோகி என்று அவரைத் திட்ட ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

“அவரைத் திட்டாதீங்க. பரப்பிப் போடுங்கன்னு சொன்னது நான்தான்,” என்றாள் என் மனைவி.

அப்புறம் அவளே மெதுவாகச் சொன்னாள். கான்கிரீட் போட்ட அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. கூடத்திலும் படுக்கை அறையிலும் முந்தின நாளே கம்பி கட்டியாகிவிட்டது, நான் எண்ணியது அவ்வளவுதான். நடு அறைக்குக் காலையில் கட்டும்போது கம்பி குறைந்துவிட்டது. கடைக்காரர் வீட்டில் துக்கம், கடை பூட்டியிருந்தது. கலவை மெஷினும் ஆட்களும் வந்து, கூடத்துப் பக்கம் கான்கிரீட் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். பாதியில் நிறுத்தட்டுமா என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றவள், இருப்பதை வைத்துப் பரப்பிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லப் பயம். நான் எப்படிக் கத்துவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நடு அறையில் யாரையும் படுக்க விடமாட்டாள். மொட்டை மாடியில் வடாம் காயவைத்தால் அந்தப் பக்கம் மட்டும் போகமாட்டாள். தண்ணீர்த் தொட்டியை அங்கே வைக்கலாம் என்றதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிடிவாதக்காரி என்றே நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

“மேல பாப்பா ஓடுவா. கீழ நான் அந்தக் கூரையையே பாத்துகினு உக்காந்திருப்பேன். என்னால முடியாதுங்க,” என்று சொல்லிவிட்டு அழுதாள். இடுப்பு உடைந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

அந்தப் பெண்தான் ஏணியிலிருந்து இறங்கி வந்து, சாக்பீஸ் ஒட்டிய கையோடு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, வெறும் கூரையா இத்தனை வருஷம் அது நின்னுச்சு. நீங்களும் அதுமேல பாரம் ஏத்த விடலை. இனிமே மேல ஆள் நடமாடத்தான் அது போதாது. நீங்க வேணாம்னு சொன்னது சரிதான்.”

சரிதான் என்ற அந்த ஒரு வார்த்தையில் என் மனைவியின் அழுகை நின்றது.

அந்தப் பெண் கணினியில் நடு அறைக்கு உண்மைக் கணக்கைப் போட்டாள். வீடு முழுக்கப் பச்சை, நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பாக ஒரு சதுரம். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஆன்ட்டி, நீங்க கேட்ட திறப்பை இங்கயே வெச்சுட்டா?” என்றாள். சிவந்த சதுரத்தை அப்படியே நீக்கினாள். விளிம்பு மட்டும் சிவந்தது. அங்கே இரண்டு உத்தரங்களைச் சேர்த்தாள். பச்சை.

பச்சை என்றால் நிஜமாகவே பச்சைதானா என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லி, அந்தப் பெண் கணினியை மூடிவிட்டு, ஒரு தாளில் பேனாவால் அதே கணக்கைக் கையால் போட்டுக் காட்டினாள். எங்கள் இருவருக்கும் அது புரியவில்லை. ஆனாலும் கடைசி வரி வரைக்கும் அவளோடு சேர்ந்து பார்த்தோம். பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து, அவளுடைய மூத்த பொறியாளரும் வந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை தொடங்கியது.

நடு அறைக் கூரையை அறுத்த அன்று என் மனைவி வேறு எங்கும் போய் இருக்க மறுத்துவிட்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். “இன்னா சார், நல்லா கீற ஊட்டுக்கு ஓட்டை போட சொல்றீங்கோ,” என்று புது மேஸ்திரி என்னைக் கிண்டல் செய்தார். அறுத்து இறக்கிய துண்டுகளை வெளியே கொண்டுவரச் சொன்னாள் என் மனைவி. விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினாள். ஒன்பது. நானும் எண்ணியிருந்தேன், ஆனால் சொல்லவில்லை.

தை மாதம் மகள் குடிவந்தாள். என் மனைவி இப்போது நடு அறையில்தான் உட்காருகிறாள். சாப்பிட்டாயா என்று மேலே பார்த்துக் கேட்டால், கைப்பிடிக்குப் பின்னாலிருந்து பேத்தி வாயைத் திறந்து காட்டுவாள். மதியத் தூக்கத்தைக்கூட என் மனைவி அங்கேயே வைத்துக்கொண்டாள். அத்தனை வருடம் யாரையும் படுக்க விடாத இடத்தில், ஒரு கட்டிலைப் போடச் சொல்லி, தலையணையைத் தானே தட்டிப் போட்டுப் படுத்தாள். முதல் நாள் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். குறட்டை வந்த பிறகுதான் நகர்ந்தேன்.

இப்போதெல்லாம் அவள் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்றால், நான் காரணம் கேட்டுச் சண்டை போடுவதில்லை. அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளாகச் சொல்லும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.