மூத்தாள் சேலையில் பத்துப் படம், என் சேலையில் இரண்டு: நாட்டரசன்கோட்டைப் பயணம்

அன்றைக்கு அந்தக் காரில் போனவர்கள் ஐந்து பேர். என் வீட்டுக்காரர், நான், எட்டு வயது வள்ளி, போட்டோக்காரர் காதர் பாய், கார் ஓட்டிய வேலு. போகும்போதும் ஐந்து பேர், வரும்போதும் ஐந்து பேர். இதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் முன்னால் நின்று குடும்பப் படம் எடுக்க என்ன உடுத்தலாம் என்று இந்தப் பக்கத்தில் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வெளியிடத்தில் நின்று நான் படம் எடுத்துக்கொண்டது வாழ்க்கையில் ஒரே தடவைதான். 1974, தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. செலவு விவரம் எல்லாம் அந்த வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். இந்தக் காலத்துக்கு அது ஒத்து வராது, ஆனால் துணி விஷயம் ஒத்து வரும்.

வள்ளி இரண்டு மாதமாகக் கண் சிவந்து வீங்கி, திறக்க முடியாமல் கிடந்தாள். நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். தை பிறந்ததும் கண் சரியாகிவிட்டது. நேர்த்திக்கடன் செலுத்தக் கிளம்பியபோது வீட்டுக்காரர் தானாகவே, "அப்படியே அங்கன ஒரு படம் எடுத்துக்கிட்டு வருவோம்" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவர் வள்ளியைப் பெற்ற ஒன்பதாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் கல்யாணம் கோயிலில் பத்துப் பேரோடு முடிந்தது, படம் கிடையாது. வீட்டுச் சுவரில் இருந்தது அவரும் மூத்தவரும் நிற்கிற படம் ஒன்றுதான். அதுவும் ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, மூத்தவரின் முகம் இருந்த இடம் வெளிறிப் போயிருந்தது. சேலையும் கரையும் மட்டும் தெளிவாக இருக்கும். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் படத்தைத் துடைத்துப் பூப் போட்டவள் நான்தான். எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் அவரோடு நான் நிற்கிற படம் ஒன்றும் அந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்று ஆசை. அதை வாய்விட்டுக் கேட்டதில்லை.

காதர் பாய் மூன்று நாளைக்கு முன்னால் வந்து துணிகளைப் பார்த்தார். நல்ல தொழில்காரர். பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இது கலர் இல்லை தங்கச்சி, கறுப்பு வெள்ளை. உங்க அரக்கு, பச்சை, கருநீலம் எல்லாம் ஒரே கறுப்பாத்தான் விழும். அங்கன கதவும் கறுப்பு. மச்சான் பக்கத்துல ஒரு தலை மட்டும் மெதந்துக்கிட்டு நிக்கும், பரவாயில்லையா?" என்று சிரித்தார். "வெளுத்த நெறமா, கரை அழுத்தமா ஒண்ணு எடுங்க."

நான் யோசிக்கும் முன்னால் வீட்டுக்காரர் சொன்னார்: "படைப்புச் சேலை இருக்குல்ல."

எங்கள் பக்கத்தில் இரண்டாம் தாரமாக வந்தவள் வருஷம் ஒருமுறை மூத்தாளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைத்து, அதைத் தானே ஒரு நாள் உடுத்தி, மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உடுத்துகிறவள் நானாக இருந்தாலும் அன்றைக்கு அதை மூத்தாள் உடுத்தியதாகத்தான் கணக்கு. அந்தச் சேலையோடு யாரும் வாசல் தாண்டுவதில்லை. அந்தச் சேலையை ஒவ்வொரு வருஷமும் அவரே காரைக்குடிக்குப் போய் வாங்கி வருவார், என்னைக் கூட்டிப் போக மாட்டார். ஆறு வருஷமும் ஒரே மாதிரிச் சேலைதான். சந்தன நிறம், நாலு விரல் அகலத்துக்கு அரக்குக் கரை. ஆண்களுக்குத் துணி தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

"அதை உடுத்திக்கிட்டு வெளிய போகலாமாங்க?" என்று கேட்டேன்.

"போனா என்ன? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

ஒரு படத்துக்காகத்தானே என்று ஒத்துக்கொண்டேன். என் தவறு அதுதான்.

காலை ஐந்தே முக்காலுக்கு அமராவதிபுதூரில் கிளம்பினோம். காதர் பாய் முதல் பஸ்ஸில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். கல்லல் வழியாகப் போனால் வேலுவின் மீட்டரில் இருபத்தேழு மைல். கார் வாடகை நாற்பத்தைந்து ரூபாய், வேலுவுக்குச் சாப்பாட்டுக்கு இரண்டு. கல்லலில் டீ, ஐந்து பேருக்கு எழுபத்தைந்து காசு. ஏழரைக்கு நாட்டரசன்கோட்டை. கண்மலர் ஒரு ஜோடி எட்டு ரூபாய், அர்ச்சனை ஒன்றேகால். கோயிலுக்கு நான் என் தாய்வீட்டுக் கருநீலக் கண்டாங்கிச் சேலையில்தான் போனேன். மூத்தாளுக்குப் படைத்த சேலையோடு இன்னொரு தெய்வத்தின் முன்னால் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. படைப்புச் சேலை மஞ்சள் பையில் இருந்தது.

எட்டே முக்காலுக்குப் பெரிய வீடுகள் இருக்கிற தெருவுக்கு வந்தோம். அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் முன்வாசலில் நின்றால் அதன் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஆட்கள் சென்னையிலும் மலேயாவிலும். நாங்கள் ஐந்து பேர் நடக்கிற சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, இன்னும் சிலர் நடக்கிறாற்போல. வள்ளி அதைக் கேட்டு விளையாட்டாகக் குதித்துக் குதித்து நடந்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்காரர் யாரிடமும் வழி கேட்காமல் ஒரு வீட்டின் முன் போய் நின்றார். அங்கே காவலுக்கு முத்தாயி என்று ஓர் அம்மாள். இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. என்னைப் பார்த்து, "எந்தூரு தாயி? புதுசா இருக்கீக" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு ரூபாய் கொடுத்ததும் துணி மாற்றப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். வௌவால் நாற்றம். மூத்தவரை நினைத்துக் கும்பிட்டுவிட்டுச் சேலையை மாற்றினேன். கஞ்சி போட்ட சேலை, ஒவ்வொரு மடிப்பும் சொன்ன இடத்தில் நின்றது. எனக்கு எப்போதும் கொசுவம் இரண்டு தடவையாவது அவிழ்த்துக் கட்ட வேண்டும். அன்றைக்கு ஒரே தடவையில் அமைந்துவிட்டது.

வெளியே வந்தேன். முத்தாயி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடியாத்தி, நீயா! எம்புட்டு வருஷமாச்சு. அன்னைக்குப் பாத்த மாதிரியே இருக்கியே. அங்குட்டுப் போயி நில்லு, அன்னைக்கு நின்ன எடத்துல."

"ஆத்தா, நான் இப்பத்தானே உங்ககிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சேன்?"

"அது வேற புள்ள. நீலச்சேலை." என்னைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தார். "அது எங்க போச்சு?"

வேலு சிரித்துவிட்டான். "அக்கா, உங்களையவே தேடுது பாருங்க கெழவி!" வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதற்குள் அவர் கதவடியில் போய் நின்றிருந்தார். காதர் பாய் இன்னும் இடம் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை.

கதவுக்கு மேலே மரத்தில் கஜலட்சுமி செதுக்கியிருந்தது. இடது பக்கத்து யானைக்குத் தும்பிக்கை உடைந்திருந்தது. எங்கள் வீட்டுப் படத்திலும் மேலே ஒரு யானை, அதற்கும் தும்பிக்கை கிடையாது. பூச்சி அரித்த இடம் என்று நினைத்து ஆறு வருஷமாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவள் நான். பின்னால் இருப்பது ஸ்டூடியோவில் தொங்கவிடுகிற திரை என்று நினைத்திருந்தேன்.

வள்ளி வந்து என் முந்தானையைப் பிடித்தாள். அவள் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வயதிலிருந்து வளர்க்கிறேன், ஒருநாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

"அம்மா," என்றாள், "எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

ஆறு வருஷமாகக் காது காத்திருந்த சொல். என் முகத்தைப் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. கரையை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்.

படம் எடுக்க ஆரம்பித்தார் பாய். வீட்டுக்காரர் வள்ளியைப் பாய் பக்கத்தில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். "தலையைக் கொஞ்சம் வலது பக்கமாச் சாய்ச்சுக்க. முந்தானையை முன்னால விடு. கை அப்படி இல்லை, இப்படி." ஆறு வருஷத்தில் நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று கவனித்துச் சொல்லாத மனிதர். "மச்சான், நான் போட்டோக்காரனா, நீங்களா?" என்று பாய் கேட்டார். பத்துப் படம் அப்படியே போயின.

பிறகு நான் மெல்லக் கேட்டேன். "அந்தப் படம் இங்கன எடுத்ததா?"

"ம்."

"சேலையும் இதே சேலைதானா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவ மூஞ்சி அழிஞ்சு போச்சு. வேற படமும் இல்லை. வள்ளி தன் ஆத்தா எப்படி இருந்தான்னே தெரியாம வளரணுமா? ஒரு படம் இருந்தாப் போதும், அது ஆத்தான்னு காட்டிக்கலாம்."

"அதுக்கு என் மூஞ்சியா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை அவர் திட்டம் போட்டும் செய்யவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கதவடியில் எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. என் பக்கத்தில் அவர் நிற்கவே இல்லை.

"பாய், இன்னும் எத்தனை படம் இருக்கு?"

"ரெண்டு."

"பத்து நிமிஷம் நில்லுங்க. துணி மாத்திட்டு வர்றேன்."

"வெயில் ஏறுது தங்கச்சி. அந்த நீலம் விழாதே."

"விழுந்த மட்டும் விழுகட்டும்."

அறைக்குள் போய்ச் சேலையை மாற்றினேன். கொசுவம் மூன்று தடவை நழுவியது. வெளியே வந்ததும் முத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா தாயி, உன்னையத்தான் தேடிக்கிட்டிருந்தேன். அந்தப் புள்ளையப் பாரேன், சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா." வள்ளி, "சின்னம்மா, பசிக்குது" என்றாள்.

கடைசி இரண்டு படங்களில் நான் தலையைச் சாய்க்கவில்லை. அவர் எதுவும் சொல்லவும் இல்லை.

பதினோராம் நாள் பாய் பன்னிரண்டு சின்னப் படங்களையும் கொண்டுவந்தார். பிலிம், கழுவுவது, பிரிண்டு எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து ரூபாய். முதல் பத்தில் சேலை பளபளவென்று விழுந்திருந்தது, கரையில் இழை எண்ணலாம். முகம் மட்டும் கறுத்துப்போய், கண் மூக்கு தெரியவில்லை. யார் முகம் என்று வேண்டுமானாலும் சொல்லலாம். கடைசி இரண்டில் சேலை கதவின் கறுப்போடு கரைந்துபோய், பாய் சொன்ன மாதிரியே ஒரு தலை மிதந்தது. ஆனால் அந்தத் தலை என்னுடையது. மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது.

"வெளுத்த சேலைக்குத் தக்கன கேமராவுல வெளிச்ச அளவு வச்சதுல மூஞ்சி கறுத்திருச்சுன்னு வைங்க," என்றார் பாய். "ஆனா கடைசி ரெண்டுக்கும் நான் அளவை மாத்தவே இல்லை தங்கச்சி. எனக்கே வெளங்கலை."

வீட்டுக்காரர் பத்தில் ஒன்றை எடுத்து, சுவரில் இருந்த பழைய படத்தை மறைத்து அதே சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் நான்தான் பூப் போட்டேன். மாலைக்குள்ளே நிற்பதும் நான், வெளியே நின்று மாலை போடுவதும் நான். வந்துபோகிறவர்கள், "மூத்தவக இப்படித்தான் இருந்தாக" என்று சொல்வதை ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன். வள்ளி அதைக் கும்பிட்டுத்தான் பரீட்சைக்குப் போவாள். அதை எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள்தான் அவள். ஆனாலும் அதை அம்மா படம் என்பாள். மற்ற பதினொன்றும் என் பெட்டியில் கிடந்தன.

சரி, போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மணிக்கு அங்கே இருங்கள், பத்துக்கு மேல் வெயில் தலையில் இறங்கி முகத்தில் நிழல் விழும். அந்த வீடுகளின் மரமெல்லாம் கறுப்பு, சுவரெல்லாம் வெள்ளை. எதன் முன்னால் நிற்கப்போகிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொண்டு துணி எடுங்கள். இப்போது கலர் வந்துவிட்டாலும் இது மாறவில்லை. எல்லாரும் ஒரே நிறம் உடுத்தாதீர்கள், தள்ளி நின்று பார்த்தால் யார் கை யார் தோள் என்று தெரியாது. குழந்தைகளுக்கு உடுத்திப் பழகிய துணியே போடுங்கள், புதுசு குத்தும். தலைக்கு எண்ணெய் முதல்நாளே வைத்துவிடுங்கள். மாற்றுச் சேலை ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும். வீட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். இன்னொருத்தருக்கு என்று வைத்த துணியை, அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், படத்துக்காக எடுத்து உடுத்தாதீர்கள். படைத்த சேலையோடு வாசல் தாண்டியதற்கு நான் கண்ணாத்தாளிடமும் மூத்தவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகும் வருஷா வருஷம் சேலை படைத்தேன். நிறத்தை மட்டும் நானே போய்த் தேர்ந்தெடுத்தேன்.

இனி எழுதுவது வள்ளிக்கு. நான் போனில் கேட்டால் நீ அழுவாய், அல்லது நான் அழுவேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவின் வருஷத் திதிக்குப் பெரிசாக்க வேண்டும் என்று போன மாதம் என் பெட்டியிலிருந்த படங்களையும் சுவரில் இருந்ததையும் திருச்சிக்கு எடுத்துப் போனாய். "அப்பாவும் அம்மாவும் நிக்கிற படத்தைக் கடையில கொடுத்துட்டேன், சின்னம்மா" என்று நேற்றுச் சொன்னாய். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. உன் அம்மாவுக்கென்று அந்தச் சந்தனச் சேலைப் படம் எப்போதும்போல இருக்கட்டும், அதை நான் கேட்கவே மாட்டேன். அப்பாவோடு பெரிசாகிச் சுவரில் நிற்பது, நீலச்சேலையில் நான் நிற்கிற பன்னிரண்டாவது படமாக இருக்கட்டும் அம்மா. வியாழக்கிழமை வரைக்கும் மாற்றிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாயே. எதைக் கொடுத்திருக்கிறாய் என்று அதற்குள் ஒரு வரி பதில் போடு.