தம்பி நிமிர்த்திய ராடு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எதிரிகள் என்று தனியாக யாரும் வேண்டியதில்லை, சொந்தக்காரர்களே போதும். எனக்கு அதிலும் ஒரே ஒருவன் போதுமானவனாக இருந்தான். கூடப் பிறந்த தம்பி, என்னைவிட ஆறு வயது சின்னவன், நாமக்கல்லில் லாரி வைத்து ஓட்டுகிறவன். போன வைகாசியில் அவனை நான் பழி வாங்கினேன். செய்ததற்கு வருத்தப்பட்டு எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கார் அப்பாவுடையது. சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வண்டி. பாகம் பிரித்தபோது தோட்டம், கிணறு, வீடு எல்லாம் தம்பி பக்கம் போயின. உனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். கார் என்றேன். அப்போது அது ஓடவில்லை. டயர் நான்கும் தரையோடு தரையாகக் கிடந்தன.

"அதை வெச்சு என்னுங்கக்கா பண்ணப் போறீங்க, கோழி அடைக்கவா?" என்று தம்பி சிரித்தான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் என் வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். அதனால் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருந்த எல்லோருமே சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டு வருடத்தில் அதை ஓட வைத்தேன். சேலத்தில் பழைய கார்களையே கட்டிக்கொண்டு அழும் ஒரு மெக்கானிக் கிடைத்தார். கார் ரோட்டில் இறங்கியதும் ஆட்கள் நிறுத்திப் போட்டோ எடுக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து தம்பிக்கு அது "எங்கப்பா காரு" ஆகிவிட்டது. என்னமோ எனக்கு அப்பா வேறு ஆள் மாதிரி.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தன்று காலையில் குலதெய்வம் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பெண்ணை இந்தக் காரில் ஏற்றி மண்டபத்துக்கு அழைத்து வருவோம். ஓட்டுகிறவர் தாய்மாமனாகத்தான் இருக்க வேண்டும். என்னை என் மாமன்தான் அப்படி அழைத்து வந்தார். என் மகளுக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்தபோது, ஓட்டுவதற்கு இருந்த ஒரே தாய்மாமன் என் தம்பி.

அதற்கு முன்னால், தை மாதத்தில், அவன் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கேட்டான். கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத்தோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டான். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைக்காதவன் காரைக் கழுவியிருக்கிறான் என்றால் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை, பெருமையாக இருந்தது. பொறுப்பு வந்துவிட்டது பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் வேறு சொன்னேன்.

அதன்பிறகு நாற்பது நாள் அந்தக் காரை ஓட்டினேன். பட்டுப்புடவை எடுக்க மகளை வைத்துக்கொண்டு சேலம் போனேன். பத்திரிகை வைக்க ஆத்தூர் போனேன், எதிரே வரிசையாக லாரி வரும் ரோட்டில். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. டயரில் காற்று குறைவு என்று நினைத்துக் காற்றடித்தேன். பிறகு பார்த்தால் முன் டயர் இரண்டும் உள்பக்கமாக மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன்.

அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவே இல்லை. வந்ததும், "ஏங்கம்மா, இந்தக் காரை யாராச்சும் கட்டி இழுத்தாங்களா?" என்று கேட்டார்.

காரின் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகத் திருப்புவது அடியில் குறுக்கே ஓடும் ஓர் இரும்புத் தண்டு. டை ராடு என்பார்கள். அது உடைந்தால் ஒரு சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்கும், மற்றது தன் இஷ்டத்துக்குப் போகும். அதை அவர் கழற்றிக் கொண்டுவந்து வெளிச்சத்தில் உருட்டினார். உருளவில்லை, தத்தித் தத்திப் போனது. அடிப்பாகம் முழுக்கப் பழைய கிரீஸும் புழுதியும் அப்பியிருக்க, இந்தத் தண்டில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட். சுரண்டினார். நடுவில் சங்கிலி அழுந்திய பள்ளங்கள், அதைச் சுற்றிச் சுத்தியல் தழும்பு, இரும்பு காய்ந்து நீலம் பாய்ந்த நிறம்.

"லாரியில முன்னாடி குனிஞ்சு கைய உட்டா ஆக்சில் தட்டுப்படுங்கம்மா. கண்ண மூடிக்கிட்டுச் சங்கிலி மாட்டலாம், எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். இந்தக் காருல அந்த எடத்துல இருக்கறது டை ராடு. அதுல மாட்டி இழுத்திருக்காங்க. வளைஞ்சதும் கேஸ் வெச்சுக் காச்சி, அடிச்சு நிமுத்தி, தண்ணிய ஊத்தி ஆத்தியிருக்காங்க. லாரிக்காரங்க தவிர வேற யாரும் இந்த வேலைய பண்ண மாட்டாங்க."

எனக்குத் தெரிந்த லாரிக்காரன் யார் என்று அவருக்குத் தெரியாது.

அந்தத் தண்டை வைஸில் இறுக்கி, மறு முனையில் ஒரு பைப்பைச் செருகி அழுத்தினார். அது வளையவில்லை. காய்ச்சிய இடத்தில் முருங்கைக் கிளை மாதிரிப் பட்டென்று ஒடிந்தது. இத்தனை நாளும் அதை நம்பித்தான் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். பட்டறையில் ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்தேன். சண்டை போடவில்லை. கல்யாணத்தின்போது காருக்கு ஏதாவது ஆனதா என்று மட்டும் கேட்டேன்.

"ஒன்னுமே ஆவலீங்கக்கா. பூவாட்டம் கொண்டாந்து உட்டனுங்க. நீங்கதான் எங்கியாச்சும் பள்ளத்துல எறக்கியிருப்பீங்க."

அதோடு விட்டிருந்தால்கூட என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஒரு வாரத்துக்குள் ராசிபுரத்திலிருந்து குமாரபாளையம் வரை இருக்கிற சொந்தம் முழுக்கச் சொல்லிவிட்டான். அக்கா காரைப் பள்ளத்தில் விட்டுக் கெடுத்துவிட்டாள், பெண்பிள்ளை கையில் கொடுத்தால் அப்படித்தான், அப்பா காரை நான் வைத்திருந்திருக்க வேண்டும் என்றெல்லாம். பத்திரிகை வைக்கப் போன வீட்டிலெல்லாம் எனக்குக் காபியோடு இந்தப் பேச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒடிந்த ராடைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். காட்டினால் அதையும் நான்தான் ஒடித்தேன் என்பான். அவன் வாயாலேயே, அத்தனை பேர் முன்னாலும், செய்தது தான்தான் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. மகள் கல்யாணத்துக்கு அரிசி மூட்டை வந்ததா என்று கேட்டால்கூட நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது ராடு கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்குச் சாமான் கடைந்து கொடுக்கும் ஒரு லேத்தில் செய்யச் சொன்னோம். ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை போட வேண்டும். அப்போதுதான் தண்டைத் திருகி நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். முதலில் வந்ததில் இரண்டு பக்கமும் வலது மரையே போட்டிருந்தார்கள். அன்றைக்கு நான் இருந்த இருப்பில் லேத்துக்காரர் என்னிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். பாவம், அவர் திட்டு வாங்கியது என் தம்பிக்காக. இரண்டாவது சரியாக வந்தது.

அதை மாட்டிய அன்று மகளும் வந்தாள். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க, காரின் இரண்டு பக்கமும் பின்னாலிருந்து முன்னால் வரை நூல் இழுத்துக் கட்டினார்கள். ஒரு முனையை அவள்தான் பிடித்திருந்தாள். மெக்கானிக் தண்டை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகித் திருகி, டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலை ஒன்றுபோலத் தொடும்வரை விடவில்லை. எல்லாம் முடிந்ததும், பழையதில் பூசியிருந்த அதே கறுப்புப் பெயிண்டை இதற்கும் பூசச் சொன்னேன்.

"புது ராடுங்கம்மா, எதுக்குப் பெயிண்டு?"

"கண்ணு பட்ரும்," என்றேன். என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலை கோயில் வாசலில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். மகள் மாலையும் கழுத்துமாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தம்பி பட்டு வேட்டி கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். சாவியை நீட்டினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அவனைச் செல்லமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சாமி, மெக்கானிக்கு பாத்துட்டாரு. ராடு நல்லாத்தான் இருக்குதாம். மாத்தல, அதே ராடுதான். தைரியமா ஓட்டு."

சாவியை வாங்கியவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். காரைச் சுற்றி வந்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து அடியில் பார்த்தான். கறுப்பு ராடு தெரிந்திருக்கும். நிமிர்ந்தபோது மீசைக்குக் கீழே வியர்த்திருந்தது.

"வேற வண்டில போலாங்கக்கா."

"ஏஞ் சாமி?"

"இன்னோவா இருக்குதுங்க. ஏசி இருக்குது. புள்ளைக்கு வேர்க்குது பாருங்க."

"வழக்கத்த மாத்தலாமா?" என்றார் பெரியம்மா. எங்கள் குடும்பத்தில் மூத்தவர் அவர்தான், அவர் பேச்சைத் தாண்ட யாராலும் முடியாது. "நேரமாகுது, ஏறுடா."

அவன் பெரியம்மாவைப் பார்த்தான், உள்ளே உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தான். பிறகு சொல்லிவிட்டான். "அந்த ராடு வேண்டாங்க. வாய்க்காச் சேத்துல எறங்கிருச்சுன்னு டிராக்டர்ல கட்டி இழுத்தோம். வளஞ்சிருச்சு. பட்டறையில காச்சி நிமுத்தி மாட்டுனது. புள்ளை உள்ள உக்காந்திருக்கறப்ப ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா..."

"அப்ப நீதான் பண்ணுனியா? அக்கா கெடுத்துட்டாள்னுதானடா ஊரு பூராச் சொன்ன?" என்றார் பெரியம்மா.

கிடைத்துவிட்டது. இத்தனை நாள் எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அது அத்தனை பேர் முன்னாலும் கிடைத்துவிட்டது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது.

"ஒடையும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பட்டறையில சொன்னாங்க. சீக்கிரம் வேற போட்ருங்கன்னு."

"நாப்பது நாள் நான் ஓட்டுனனேடா. இந்தப் புள்ளையையும் வெச்சுத்தான ஓட்டுனேன். ஏன் சொல்லல?"

தரையைப் பார்த்தான். "நீங்க மெதுவாத்தானுங்கக்கா ஓட்டுவீங்க," என்றான்.

அவனுக்கு அது பதிலாகத்தான் தோன்றியிருக்கிறது. உள்ளுக்குள் ஒரு மூலையில் நான் நம்பிக்கொண்டிருந்தேன்: இவனுக்கு அறிவில்லை, ஆபத்து என்று தெரியாமல் நிமிர்த்தி மாட்டியிருப்பான், பயத்தில் பொய் சொல்கிறான் என்று. எவ்வளவு கோபத்திலும் அந்த நம்பிக்கை இருந்தது. அதுவும் போயிற்று. ஜெயித்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, கல்யாணத்துக்கு வந்த கூட்டம் நிற்கிறதே.

அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். "பழச மாத்தியாச்சு. புது ராடு போட்டிருக்குது. நான் ஓட்டறேன், தாய்மாமன் நீயி கூட ஏறு."

மகள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நூல் பிடித்தவளுக்குத் தெரியாதா? கூட்டமும் நம்பியது. அவன் ஒருவன்தான் நம்பவில்லை. ஒன்றுமே ஆவலீங்கக்கா என்று என்னிடம் சொன்னவனால், நான் சொல்வதில் எது பொய் எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெரியம்மா அவன் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறைதான். முன் சீட்டில் ஏறினான்.

கோயிலிலிருந்து மண்டபம் பதினொரு கிலோமீட்டர். புறவழிச்சாலையில் ஏறியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். அந்தக் காரை அதற்கு முன்னால் அப்படி ஓட்டியதில்லை. எதிரே ஒரு டேங்கர் வந்தது. ஸ்டியரிங்கைச் சும்மா இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். கார் சொன்னபடி கேட்டது. தம்பியின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் தேடி மிதித்துக்கொண்டே வந்தது.

"அக்கா, புது ராடுதானுங்களே?" என்றான்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

"அக்கா, நெசமா மாத்தியாச்சுங்களா?"

மண்டபம் போய்ச் சேரும்வரை ஐந்தாறு தரம் கேட்டான். ஒரு தரமும் நான் பதில் சொல்லவில்லை.