நரம்பு மாத்திரை

அக்கா பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சிறிய யூனிட்டில் வேலை. மெல்லிய பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் இமை விழும். எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பிறகு குளிக்கவில்லை, பேசவில்லை. அழவுமில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காரணம் என்று சொல்ல எதுவும் இல்லை.

கடலூரில் ஒரு டாக்டரிடம் பஸ்ஸில் அழைத்துப்போனேன்.

"இது மனச்சோர்வுக்கான மருந்து. தூக்க மாத்திரை இல்ல, போட்டதும் சந்தோஷமும் வராது. மூணு நாலு வாரம் போகணும். நல்லாயிட்டாலும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். மாத்திரையால் கை நடுங்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அல்லது சொன்னது என் காதில் விழவில்லை.

மனச்சோர்வு என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவர எனக்குத் துணிவில்லை. மனசு என்று ஆரம்பிக்கும் வியாதி எங்கள் தெருவில் பைத்தியம் என்றுதான் முடியும். நரம்பு மாத்திரை என்று நானே பெயர் வைத்தேன். அம்மா அதையே அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

ஐந்தாவது வாரம் அக்கா தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலையில் திரும்பி வந்து கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் லேசாக ஆடின.

"பொம்மைங்கல்லாம் ஒன்னரைக்கண்ணா பாக்குதுன்னு சிரிக்கிறாளுங்க. இப்பிடியே போனா வேற ஆளு வச்சிடுவாங்க."

"நரம்பு மாத்திரை தின்னு நரம்பே ஆடுது. வாணாம்டி" என்றாள் அம்மா.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ என்னா சொல்ற தம்பி?"

டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "கொஞ்ச நாளு வுட்டுப் பாரேன்" என்றேன்.

பத்து நாளில் நடுக்கம் நின்றது. பொம்மைகளின் கண்கள் நேராயின. குணமாகிவிட்டாள் என்று முடிவுகட்டினோம். அவள் தட்டில் சோறு மிஞ்சத் தொடங்கியதை நான் பார்த்தேன், வெயிலால் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் மாதம் அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

டாக்டர் திட்டவில்லை. "நடுக்கத்துக்கு அளவைக் குறைச்சிருக்கலாமே. ஒரு தடவை வந்து கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

அவள் எழுந்திருக்க இம்முறை நெடுநாள் ஆனது. அதற்குள் கண் எழுத வேறொரு பெண் வந்திருந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலையை அக்காவுக்குக் கொடுத்தார்கள். புதிதாகச் சேர்பவர்கள் செய்வது. மறுக்காமல் செய்தாள்.

மாத்திரையை அதன்பின் அவள் ஒரு நாளும் விடவில்லை. கடலூருக்கும் தனியாகவே போய்வந்தாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை.